பொருளடக்கத்தில் முளைத்த எலும்பு முறிவுகள்: ஒரு நீண்ட இழை

1) போன மாசம் ஒரு வருஷத்துக் காயங்கள் பற்றிய புள்ளிவிவர அறிக்கை தயார் பண்ணிட்டு இருந்தேன். வேலை பார்ப்பது கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். மரத்துல இருந்து விழுந்தவங்க, பைக்ல சறுக்கினவங்க, மாடு முட்டினவங்க, பாம்பு கடிச்சவங்க எல்லாரையும் பார்க்கிற இடம். ராத்திரி 11 மணிக்கு பிடிஎஃப் தயார். திறந்தா பொருளடக்கம் நாலு பக்கம் ஓடுது.

2) அதுல இருந்தது இப்படி:
அத்தியாயம் 3: காயங்களின் விவரம்.
அத்தியாயம் 4: ஷாஃப்ட் ஆஃப் ஃபீமர், புளியமரத்திலிருந்து விழுந்தது.
அத்தியாயம் 5: வலது மணிக்கட்டு, கிணற்றுப் படியில் வழுக்கியது.
அத்தியாயம் 6: காலர் எலும்பு, டூ வீலர்.
ஒவ்வொரு எலும்பு முறிவும் ஒரு அத்தியாயம். வரிசை எண்ணோட, பக்க எண்ணோட.

3) சிரிச்சு முடிச்ச பிறகு காரணம் புரிஞ்சுது. நாங்க டாக்டர்கள் எலும்பு முறிவை # குறி போட்டுத்தான் எழுதுவோம். கேஸ் ஷீட்ல "# டிபியா"ன்னு இருந்தா முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஹவுஸ் சர்ஜன் காலத்துல கையில ஒட்டிக்கிற பழக்கம், ரிட்டயர் ஆகிறவரை போகாது.

4) நான் அறிக்கை செய்யப் பயன்படுத்துறது ஆர் மார்க்டவுன். அந்த உலகத்துல வரியின் தொடக்கத்துல # போட்டு ஒரு இடம் விட்டு எழுதினா, அது முதல் நிலைத் தலைப்பு. எனக்கு முறிவு, அதுக்கு அத்தியாயம். எக்செல்ல இருந்த குறிப்புகளை அப்படியே அறிக்கைக்குள்ள கொட்டச் சொல்லியிருந்தேன். அது சொன்னபடி செஞ்சுது.

5) இன்னொரு வேடிக்கை. எல்லா முறிவும் அத்தியாயம் ஆகலை. #-க்கு அப்புறம் இடம் விட்டு எழுதினது மட்டும்தான் ஆச்சு. இடம் விடாம ஒட்டி எழுதினது சாதாரண வரியாவே நின்னுது. "ரோடு விபத்து, # டிபியா"ன்னு நடுவுல # வந்ததும் தப்பிச்சுது. அதாவது ஒருத்தர் கால் அத்தியாயமாகுமா இல்லையாங்கிறதை முடிவு பண்ணினது, டியூட்டில இருந்தவர் ஸ்பேஸ் பார் தட்டினாரா இல்லையாங்கிறதுதான்.

6) இதுவரை ஜோக். இனிமேதான் விஷயம். தூக்கக் கலக்கத்துல நான் கண்டுபிடிச்ச வைத்தியம்: # குறியில தொடங்குற வரிசைகளை வடிகட்டித் தூக்கிடு. ஒரே கட்டளை. மறுபடி ஓட்டினேன். பொருளடக்கம் ஒரே பக்கம். சுத்தம். பென்டிரைவ்ல ஏத்திட்டுப் படுத்துட்டேன்.

7) காலையில் டீ குடிச்சுக்கிட்டே புரட்டினப்ப அந்தப் புளியமரத்துப் பெரியவரைத் தேடினேன். நானே தாமஸ் ஸ்ப்ளின்ட் கட்டி மேல் சிகிச்சைக்கு அனுப்பினவர். அவர் இல்லை. மணிக்கட்டு அம்மா இல்லை. அட்டவணையில் இல்லை, மொத்தக் கூட்டுத்தொகையிலும் இல்லை. வடிகட்டினது மூலத்துல. அதனால எல்லா எண்களும் ஒன்றோடொன்று கச்சிதமா ஒத்துப்போச்சு. தப்பு இருக்குன்னு காட்ட ஒரு எண்கூட மிச்சமில்லை.

8) அந்த அறிக்கையை வெச்சுத்தான் மாவுக்கட்டு சாமான் எவ்வளவு, எக்ஸ்ரே ஃபிலிம் எவ்வளவு, எலும்பு டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள்னு கேட்கப் போறோம். முறிவையே எடுத்துட்டு எலும்பு டாக்டரைக் கேட்டா யார் தருவா? பொருளடக்கம் அழகா இருக்கணும்னு நோயாளிகளை நீக்கியிருந்தேன். இந்த வேலையை எனக்கு முன்னாடி யார் யார் செஞ்சாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். வரலாறு நீளமா இருக்கு.

9) லண்டன்ல 17-ஆம் நூற்றாண்டுல இறப்புப் பட்டியல் அச்சடிச்சு வித்தாங்க. 1662-ல ஜான் கிராண்ட் என்ற துணி வியாபாரி அதையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போட்டார். இன்னைய பொது சுகாதாரப் புள்ளியியல் அங்கிருந்துதான் தொடங்குது. அந்தப் பட்டியல்ல "பற்கள்"னு ஒரு தலைப்பு உண்டு. பல்லால யாரும் சாகலை. பல் முளைக்கிற வயசுல செத்த குழந்தைகள் அதுக்குக் கீழே போனாங்க. வயசு நோயின் தலைப்பாயிடுச்சு. "கிரகம்"னுகூட ஒண்ணு இருந்துச்சு.

10) காரணத்தை எழுதினது டாக்டர் இல்லை. "தேடுவோர்"னு அழைக்கப்பட்ட வயசான பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பிணத்தைப் பார்த்துச் சொல்லுவாங்க. மேக நோய்ங்கிற தலைப்பு எந்தக் குடும்பத்துக்கும் பிடிக்காது. ஒரு கோப்பை பீரும் கொஞ்சம் கூடுதல் கூலியும் கொடுத்தா அந்தச் சாவு "க்ஷயம்" தலைப்புக்குப் போயிடும்னு கிராண்டே எழுதியிருக்கார். வேண்டாத தலைப்பைப் பட்டியல்ல இருந்து சுத்தம் பண்ணும் வேலை அப்பவே நடந்திருக்கு.

11) அப்புறம் வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்துல 1839-ல இருந்து புள்ளிவிவரம் தொகுத்தவர். ஒரே நோய்க்கு மூணு நாலு பேர், தெளிவில்லாத பேர், மூல நோயின் இடத்துல அதன் பின்விளைவு: இதையெல்லாம் ஒழுங்குபடுத்தாம எண்ணுறதுல பயன் இல்லைன்னு ஆண்டறிக்கையிலேயே எழுதினார். 1893-ல சிகாகோவுல ழாக் பெர்ட்டிய்யோன் ஒரு பொதுப் பட்டியலை முன்வெச்சார். நாம இன்னைக்கு ஐசிடி-ன்னு சொல்ற நோய் வகைப்பாட்டின் தாத்தா அதுதான்.

12) நம்ம ஊருக்கு வருவோம். மெட்ராஸ் மாகாணத்துல பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல வந்துச்சு. அதுக்கு முன்னாடியே கிராம அளவுல கணக்கு எடுத்தாங்க. எழுதினது கிராம அதிகாரி. டாக்டரும் கிடையாது, பிரேதப் பரிசோதனையும் கிடையாது. அவர் முன்னாடி இருந்த தலைப்புகள்: காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வகைகள், காயங்கள், மற்றவை. மலேரியா, டைஃபாய்டு, நிமோனியா, பிரசவ ஜன்னி எல்லாம் "காய்ச்சல்"ங்கிற ஒரே சாக்குல விழுந்துச்சு. உடம்பு சுட்டா காய்ச்சல், அவ்வளவுதான்.

13) இந்தத் தலைப்புகளோட முழு விலை தெரிஞ்சது 1876-78 பஞ்சத்துல, அதாவது நம்ம பாட்டன் பூட்டன் பேசின தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், ஒரு டாக்டர். 1871 மெட்ராஸ் சென்சஸ் அறிக்கையை எழுதினவரும் அவர்தான். 1877-ல ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்றவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும்னு கணக்குப் போட்டப்ப, அது உடல் உழைப்புக்குப் பத்தாதுன்னு எதிர்த்து எழுதினார்.

14) பட்டினியில வத்திப்போன உடம்பு கடைசியில் சாகிறது வயிற்றுப்போக்குல, காலராவுல, காய்ச்சல்ல. வழக்கமான தலைப்புகள்ல அதுக்குத்தான் இடம். கணக்குப்படி பார்த்தா ஜனங்க நோயால செத்தாங்க. தலைப்புகளைத் தனித்தனியா படிச்சா பஞ்சம் கண்ணுக்குத் தெரியாது. மொத்தச் சாவு எண்ணிக்கையை முந்தின வருஷங்களோட பக்கத்துல வெச்சாத்தான் தெரியும். காலைல என்னைக் காப்பாத்தியிருக்க வேண்டியதும் அதே பரிசோதனைதான்: மொத்தத்தை மொத்தத்தோட ஒப்பிடுறது.

15) நோய்க்கு மட்டும் இல்லை, ஊருக்கும் ஜனத்துக்கும் தலைப்பு உண்டு. கச்சிராயபாளையத்தைப் பழைய அறிக்கையில் தேடினா தென் ஆற்காடு மாவட்டத்துல இருக்கும். 1993-க்குப் பிறகு விழுப்புரம். 2019 நவம்பர்ல இருந்து கள்ளக்குறிச்சி. கோமுகி அணை இருந்த இடத்துலயேதான் இருக்கு, ஆனா அறிக்கையில மூணு தலைப்பு மாறியாச்சு. "கள்ளக்குறிச்சி மாவட்டம், 1985"னு தேடினா ஒண்ணும் கிடைக்காது. அதனால அந்த வருஷம் இங்க யாரும் சாகலைன்னு அர்த்தமா?

16) மலைக்கு மேல வாழ்றவங்க பட்டியல் பழங்குடியினர். அரசுப் பட்டியல்ல அவங்க தலைப்பு "மலையாளி". பேசுறது தமிழ். கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்னு அவங்க பொருள் சொல்லுவாங்க. வெளியூர்க்காரர் ஒருத்தர் அட்டவணையைப் பார்த்தா "இங்க இவ்வளவு கேரளாக்காரங்களா?"ன்னுதான் கேட்பார். 1976 திருத்தத்துல இந்தச் சாதிப் பேருக்குப் பக்கத்துல எழுதின மாவட்டங்கள்ல ஒண்ணு "தென் ஆற்காடு". அந்தப் பேர்ல இன்னைக்கு மாவட்டமே கிடையாது. ஜனங்க அங்கேயேதான் இருக்காங்க.

17) திரும்ப நோய்க்கு. 1948-ல உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-யின் ஆறாவது பதிப்பைக் கையில் எடுத்தப்ப, இறப்போட நோயும் காயமும் சேர்ந்துச்சு. இப்ப நாங்க பழகின ஐசிடி-10-ல ஒரு முறிவுக்கு ரெண்டு தலைப்பு. எந்த எலும்புங்கிறதுக்கு எஸ் வரிசை: தொடை எலும்பு எஸ்72. எப்படி ஆச்சுங்கிறதுக்கு இன்னொண்ணு: மரத்துல இருந்து விழுந்தா டபிள்யூ14. மரம் ஏறி விழுறதுக்குன்னு உலகப் பட்டியல்ல தனி இடம் இருக்குன்னு முதல்ல பார்த்தப்ப, நம்ம மலை ஜனங்களை யாரோ நினைச்சுப் பார்த்திருக்காங்கன்னு தோணுச்சு.

18) அதே ஐசிடி-10-ல ஆர் வரிசைன்னு ஒண்ணு இருக்கு. அறிகுறிகள், சரியாத் தெரியாத காரணங்கள். ஆர்54 முதுமை, ஆர்99 காரணம் தெரியலை. உலக நோய்ச்சுமை ஆய்வு செய்த கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் ரெண்டு பேரும் இப்படிக் கோடுகளுக்கு வெச்ச பேரே குப்பைக் கோடு. சான்றிதழ்ல "இதயம் நின்றது, மூச்சு நின்றது"ன்னு எழுதுறோமே, அதுவும் இந்த வகைதான். செத்தவர் எல்லாருக்கும் அது நின்னுதான் இருக்கும்.

19) 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்துச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு இருந்தது வயிற்று வலி, வாந்தி. அறிகுறியை மட்டும் எழுதினா அது ஆர் வரிசை, நூத்துல ஒரு வயிற்று வலி. மெத்தனால்னு எழுதினா டி51.1. உடம்பு ஒண்ணுதான். எந்தத் தலைப்புங்கிறதைப் பொறுத்துத்தான் அடுத்த வீட்டுக்காரருக்கு எச்சரிக்கை போகும். இதை இந்த மாவட்டத்து டாக்டர் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

20) வேண்டாத தலைப்பை எப்படி நீக்கணும்ங்கிறதுக்கு ஒரு நல்ல உதாரணமும் உண்டு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-ல "முதுமை"ன்னே ஒரு தலைப்பு வர இருந்துச்சு. வயசானதே நோய்னு ஆயிடும், டாக்டர்கள் காரணம் தேடுறதை நிறுத்திடுவாங்கன்னு எதிர்ப்பு வந்துச்சு. என்ன பண்ணாங்க? கோடைத் தூக்கி எறியலை. எறிஞ்சா அதுக்குக் கீழே வர்றவங்க எங்க போவாங்க? தலைப்பின் வார்த்தையை மாத்தினாங்க: வயதோடு வரும் உள்ளார்ந்த செயல்திறன் குறைவு. பேர் போச்சு, ஆட்கள் எண்ணிக்கையில் இருக்காங்க.

21) இப்ப கம்ப்யூட்டர் பக்கம். முன்னாடியெல்லாம் பொருளடக்கத்தைக் கடைசியா ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதுவார். புளியமரத்துல விழுந்தவரை அத்தியாயம்னு அவர் எழுத மாட்டார். 1977-ல டொனால்ட் நூத் தன் புத்தகத்தின் அச்சுப்படி பிடிக்காம, தானே டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுத ஆரம்பிச்சார். அதுக்கு மேல லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் லேடெக் கட்டினார். அதுல தலைப்புக் கட்டளை எழுத்தைப் பெரிசாக்குறதோட நிக்காது, ஒரு தனிக் கோப்புல தன் பேரையும் பக்க எண்ணையும் எழுதி வெச்சிடும். அடுத்த ஓட்டத்துல அந்தக் கோப்புதான் பொருளடக்கம். அதான் ரெண்டு தடவை ஓட்டணும்.

22) 2002-ல ஆரோன் ஸ்வார்ட்ஸ் ஏடிஎக்ஸ்னு ஒரு எழுத்து முறையில தலைப்புக்கு # வெச்சார். 2004-ல ஜான் குரூபர் மார்க்டவுன் உருவாக்கினப்ப அதை எடுத்துக்கிட்டார். 2006-ல பெர்க்லி தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபர்லேன், எதையும் எதாகவும் மாத்துற பேன்டாக் எழுதினார். இன்னொரு பக்கம் ஆக்லாந்துல பிறந்த ஆர் மொழி. 2002-ல ஃப்ரீட்ரிக் லைஷ் ஆர் கணக்கையும் லேடெக்கையும் ஸ்வீவ்னு பின்னினார். 2012-ல யிஹுய் ஷீ நிட்டர் கொண்டுவந்து மார்க்டவுனோட சேர்த்தார். கணக்கு, எழுத்து, பொருளடக்கம் மூணும் ஒரே பட்டன்ல.

23) பெரிய வசதிதான், மறுக்கலை. ஆனா இந்தச் சங்கிலியில யாருக்கும் ஒரு வரி என்ன அர்த்தத்துல எழுதப்பட்டதுன்னு தெரியாது. தலைப்பு மாதிரி தெரிஞ்சா தலைப்பு. சுட்டா காய்ச்சல்னு எழுதின கிராம அதிகாரி செஞ்ச அதே வேலை. அவருக்காவது சந்தேகம் வந்தா யாரையாவது கேட்கலாம்.

24) சரி, சரியான வைத்தியம் என்ன? இதே அவஸ்தையில இருக்கிறவங்களுக்காக.
முதல் விதி: மூலத் தரவைத் தொடாதே. எக்செல்ல # இருக்கட்டும். அறிக்கையில் அச்சாகுறதுக்குச் சற்று முன்னாடி, வரி தொடக்கத்து #-க்கு முன்னால ஒரு \ போடச் சொல்லு. அது தலைப்பு இல்லை, வெறும் எழுத்துன்னு ஆயிடும். அல்லது #-ஐ "முறிவு"ன்னு மாத்தி அச்சிடு. இன்னும் நல்லது, வரி வரியா கொட்டாம அட்டவணைக்குள்ள போடு. கட்டத்துக்குள்ள இருக்கிற # தலைப்பாகாது.

25) பொருளடக்கத்தின் ஆழத்தைக் குறைச்சாப் போதும்னு சிலர் சொல்லுவாங்க. பலிக்காது. ஆழம் குறைச்சா போறது உள் தலைப்புகள், அதாவது நீங்க யோசிச்சு வெச்சது. ஒத்தை # முதல் நிலை. அது உச்சியிலேயே உட்கார்ந்திருக்கும்.

26) சில சமயம் அது நிஜமாவே தலைப்புதான், ஆனா பொருளடக்கத்துல வேண்டாம். அதுக்குப் பேன்டாக்ல ரெண்டு அடையாளம் சேர்த்துப் போடணும்: "எண் வேண்டாம்", "பட்டியலில் வேண்டாம்". முதலாவது மட்டும் போட்டா எண் போகும், பேர் நிற்கும். பிடிஎஃப்-லயும் வெப் பக்கத்துலயும் இது வேலை செய்யும். வேர்ட் கோப்புல வேலை செய்யாது. நம்ம ஆபீஸ்கள் கேட்கிறதோ வேர்ட்தான்.

27) வேர்ட் தன் பொருளடக்கத்தைத் தானே, தலைப்பு ஸ்டைல் பார்த்துக் கட்டும். பொருளடக்கத்துல போய் வரியை அழிச்சா, அடுத்த அப்டேட்ல திரும்ப வந்து நிற்கும். உள்ளே போய் அந்த வரியின் ஸ்டைலை மாத்துங்க. பார்க்க அதே மாதிரி இருக்கிற ஒரு தனி ஸ்டைல் பண்ணி, அதன் அவுட்லைன் நிலையை "பாடி டெக்ஸ்ட்"னு வெச்சுட்டு, அப்புறம் அப்டேட் பண்ணுங்க. வியாதியை விட்டுட்டு அறிகுறிக்கு மருந்து கொடுத்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்தானே.

28) கடைசி விதி, நான் மறந்தது. எந்தச் சுத்தத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் வரிசைகளை எண்ணு. அதையும் அறிக்கைக்கு வெளியே இருக்கிற ஒண்ணோட ஒப்பிடு: கேஷுவாலிட்டி நோட்டு, எக்ஸ்ரே ரிஜிஸ்டர். எங்க எக்ஸ்ரே ரிஜிஸ்டர்ல அந்தப் பெரியவர் இருந்தார், கையெழுத்துல, நீல மையில. அதை யாரும் வடிகட்ட முடியாது.

29) வடிகட்டியை எடுத்துட்டு மறுபடி ஓட்டினேன். பொருளடக்கம் ஒரு பக்கம். அத்தியாயம் 3-க்கு அடுத்தது அத்தியாயம் 4: பரிந்துரைகள். பெரியவர் அத்தியாயம் 3-ன் அட்டவணையில, தொடை எலும்பு முறிவு, மரத்திலிருந்து விழுந்தது, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்னு ஒரு வரியா இருக்கார். பரிந்துரையில் முதல் வரி எலும்பு டாக்டர். அறிக்கை போயிருக்கு. பதில் இன்னும் வரலை. புளி உலுக்கும் சீசன் வருது.